குடத்துக்குள் ஒரு கை

போன வாரம் உங்களை உத்திரமேரூர்ச் சபை மண்டபத்தின் படியிலேயே நிறுத்திவிட்டுப் போனேன். ஏழு நாள் பொறுத்தீர்கள். இனித் தாமதம் வேண்டாம், படியேறுவோம்.

மண்டபம் நிரம்பி இருக்கிறது. இளையவர், முதியவர் என்று பேதமில்லாமல் சபையார் அத்தனை பேரும் வந்தாக வேண்டும் என்பது ஏற்பாடு. வந்திருக்கிறார்கள். ஊரில் அன்று இருந்த கோயில் நம்பிமார் ஒருவரையும் விடாமல் அழைத்து உள்மண்டபத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். சோழ நாட்டிலிருந்து அரசர் பராந்தகரின் திருமுகத்தோடு வந்த சோமாசிப் பெருமாளும் அங்கேதான் இருக்கிறார். மதுரையைக் கொண்ட அரசரின் ஆள். அவர் முகத்தை ஊர் பார்க்கிறது. அவர் ஊரைப் பார்க்கிறார்.

நம்பிமாரில் வயதில் மூத்தவர் எழுந்திருக்கிறார். நடுவில் இருக்கும் குடத்தை எடுக்கிறார். முகத்தை மேல்நோக்கி வைத்துக்கொண்டு, சபையார் எல்லோரும் காணும்படி குடத்தைத் தூக்குகிறார்.

ஏன் அண்ணாந்து பார்க்க வேண்டும்? பக்திக்காக என்று சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. குடத்தைப் பிடித்திருப்பவர் குடத்துக்குள் பார்க்கக் கூடாது. அதற்குத்தான்.

பக்கத்தில் ஒரு சிறுவன். எந்த ஓலை யாருடையது என்று பிரித்தறியத் தெரியாத பாலகன். அப்படிப்பட்ட பிள்ளையாகத் தேடிப் பிடித்துக் கொண்டுவர வேண்டும் என்று சாசனமே சொல்கிறது.

சிறுவன் கையை நீட்டுகிறான்.

கை குடத்துக்குள் போகிறது.

அந்தக் கை அங்கேயே இருக்கட்டும். அது வெளியே வருவதற்குள் உங்களிடம் நான் ஒன்று சொல்லியாக வேண்டும். குடவோலை என்றால் நம் பள்ளிப் பாடப் புத்தகம் குடத்தைக் காட்டும், ஓலையைக் காட்டும், பையனைக் காட்டும். அத்தோடு பக்கம் முடிந்துவிடும். ஆனால் கதை இருப்பது குடத்துக்குள் இருக்கும் ஓலைகளில் இல்லை. குடத்துக்குள் போக முடியாமல் வெளியே நிற்கும் பெயர்களில் இருக்கிறது.

யார் அவர்கள்?

உத்திரமேரூர் முப்பது குடும்புகளாகப் பிரிந்த ஊர். குடும்பு என்றால் இன்றைய வார்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்களின் பெயரைத் தனித்தனி ஓலையில் எழுதுகிறார்கள். ஒரு குடும்பின் ஓலைகளை ஒரு கட்டாகக் கட்டி, இது இன்ன குடும்பு என்று மேலே வாயோலை பூட்டிக் குடத்தில் இடுகிறார்கள். முப்பது கட்டுகள்.

தகுதி என்ன? கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள் வயது. வேதம் ஓதி, பிறருக்கு ஓதுவிக்கவும் தெரிய வேண்டும். கல்வி அதற்கும் மேலே இருந்தால் அரைக்கால் வேலி போதும். காரியம் தெரிந்தவராக, நேர் வழியில் பொருள் ஈட்டியவராக இருக்க வேண்டும். கடந்த மூன்று வருஷத்தில், ஊர்க் காரியம் பார்க்கும் எந்த வாரியத்திலும் இருந்திருக்கக் கூடாது.

இதுவரை நீங்கள் தலையாட்டிக்கொண்டே வருவீர்கள். இனிமேல்தான் சாசனத்தின் குரல் மாறுகிறது.

முன்பு வாரியத்தில் இருந்து, கணக்குக் காட்டாமல் போனவன் பெயரைக் குடத்தில் இடக் கூடாது.

அவன் மட்டுமா?

அவன் சித்தி மகன், பெரியம்மா மகன் கூடாது. அத்தை மகன், மாமன் மகன் கூடாது. தாயோடு பிறந்தவன், தகப்பனோடு பிறந்தவன், தன்னோடு பிறந்தவன் கூடாது. பெண் கொடுத்த மாமனார் கூடாது. மனைவியின் சகோதரன் கூடாது. உடன்பிறந்தவளைக் கட்டியவன் கூடாது. மருமகன் கூடாது. தகப்பன் கூடாது. மகன் கூடாது.

மூச்சு விட்டுக்கொள்ளுங்கள். கல்லில் செதுக்கியது இது. வைகுண்டப் பெருமாள் கோயிலின் அடித்தளத்தில் இன்றும் இருக்கிறது. உளியை வைத்து ஒவ்வோர் எழுத்தாக வெட்ட வேண்டிய இடத்தில் 'உறவினர்' என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாமே? கைவலியும் மிச்சம், கல்லும் மிச்சம். ஏன் ஒருவரையும் விடாமல் பேர் சொன்னார்கள்?

இதற்குப் பதில் பக்கத்திலேயே இருக்கிறது. அதே கோயிலில், இரண்டு வருஷம் முந்தைய இன்னொரு சாசனம். 919-ல் வெட்டியது. அப்போது வந்த அரச அதிகாரி தத்தனூர் மூவேந்தவேளான். அன்றும் குடவோலை உண்டு, குடும்பு உண்டு, தகுதி உண்டு. உறவைப் பற்றியும் சொல்லியிருக்கிறது. எப்படி? வாரியம் செய்து ஒழிந்தவர்களுக்கு நெருங்கிய பந்துக்கள் கூடாது என்று பொதுவாக.

நெருங்கிய பந்து!

இந்தச் சொல்லை ஒரு ஊரின் நடுவில் வைத்துப் பாருங்கள். எல்லோருக்கும் எல்லோரும் உறவாக இருக்கும் ஊர் அது. "அவன் என் அக்காளைக் கட்டியவன்தான். அதற்காக அவனும் நானும் ஒன்றாகிவிடுவோமா?" என்று ஒருவன் கேட்டால் சபை என்ன சொல்லும்? "சித்தி மகன் எப்படி நெருங்கிய பந்து? வீடு வேறு, அடுப்பு வேறு" என்று இன்னொருவன் வாதாடினால்? பொதுவாகப் போட்ட வேலியில் எத்தனை ஓட்டை உண்டோ அத்தனையிலும் ஆள் நுழைவான்.

921-ல் அரசர் மறுபடி ஆள் அனுப்புகிறார். ஒரு ஊரின் தேர்தல் விதியைத் திருத்த, இரண்டே வருஷத்தில், இரண்டாவது அதிகாரி. தீயவர் கெட்டு நல்லவர் வளர வேண்டும் என்று காரணத்தையும் சாசனம் ஒளிக்காமல் சொல்கிறது. ஒரு ஓட்டைக்கு ஒரு பெயர் என்று அடைத்துக்கொண்டே போகிறார்கள். அந்த உறவுப் பட்டியலை நான் வாசிக்கும்போதெல்லாம் அதன் ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் ஒரு ஆள் நிற்பதுபோல் எனக்குத் தோன்றுகிறது. தன் இடத்தில் மைத்துனனை உட்கார வைத்துவிட்டுப் பின்னாலிருந்து ஏரிக் காசை எண்ணியவன். மருமகனை முன்னால் தள்ளியவன். இவர்களின் பெயரைக் கல் சொல்லவில்லை. வழியை மட்டும் அடைத்துவிட்டது.

இன்னொரு விதியும் இருக்கிறது. கணக்கு எழுதியவன் தன் கணக்கைத் தானே வந்து காட்ட வேண்டும். அவனுக்காக வேறொருவன் புகுந்து காட்டி முடிக்கக் கூடாது. பெரியவர்கள் அதைப் பார்த்து 'சுத்தம்' என்று சொன்ன பிறகுதான் அவன் மறுபடி எழுத்தாணியைத் தொடலாம்.

சரி. மண்டபத்துக்குத் திரும்புவோம். பையன் கை இன்னும் குடத்துக்குள்தான் இருக்கிறது.

கை வெளியே வருகிறது.

கையில் ஒரு கட்டு. ஒரு குடும்பின் ஓலைகள் மொத்தமும். அதை அவிழ்த்து இன்னொரு வெறுங்குடத்தில் போட்டுக் குலைக்கிறார்கள். முதல் குடத்தில் எந்தக் குடும்பு வரும் என்று தெரியாது. இரண்டாவது குடத்தில் அந்தக் குடும்பில் யார் வருவார் என்று தெரியாது. கட்டின் மேலே ஒருவன் தன் ஓலையை வாகாகச் செருகி வைத்திருந்தாலும் இந்தக் குலைப்பில் அது போய்விடும்.

பையன் மறுபடி கையை விடுகிறான். இம்முறை ஒரே ஒரு ஓலை.

அதை வாங்க ஒருவர் முன்னால் வருகிறார். மத்தியஸ்தர்.

இந்த இடத்தில் கொஞ்சம் நெருங்கி வந்து பாருங்கள். அவர் கையை நீட்டும் விதத்தைப் பாருங்கள். ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில் ஏற்றுக்கொள்கிறார். விரலை மடக்கிப் பிடிக்கவில்லை. இரண்டு விரலால் கவ்வவில்லை. ஐந்து விரலும் விரிந்த உள்ளங்கை. அப்படித்தான் வாங்க வேண்டும் என்று சாசனம் கட்டளை இடுகிறது.

விரல் இடுக்கில் ஏற்கெனவே ஒரு ஓலை ஒளிந்திருந்தால்?

இருக்க முடியாது. விரித்த கையில் ஒளிவதற்கு இடமில்லை.

இந்த ஒரு வரியை எழுதிய மனிதரை நினைத்து எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்து, ஏமாற்றுகிறவன் எந்த விரலை எப்படி மடக்குவான் என்று யோசித்திருக்கிறார். ஏற்பாட்டை எழுத்தில் வடித்தவரும் அந்த ஊரின் மத்தியஸ்தர்தான். காடாடிப் போத்தன் சிவக்குறி இராஜமல்ல மங்கலப்பிரியன் என்று கல்லில் தன் பெயரை வைத்திருக்கிறார். மற்றவர்களுக்கு அல்ல, தன் சொந்தக் கைக்கே அவர் விதி எழுதிக்கொண்டார். என்னை நம்பாதீர்கள், என் விரல்களைப் பாருங்கள் என்று.

மத்தியஸ்தர் ஓலையை வாசிக்கிறார். பெயர் மண்டபத்தில் ஒலிக்கிறது.

முடிந்ததா?

இல்லை. ஓலையில் ஒரு பெயரும் வாயில் ஒரு பெயருமாக வாசித்துவிட்டால்? அதனால் ஓலை உள்மண்டபத்துக்குப் போகிறது. அங்கே இருக்கும் நம்பிமார் எல்லோரும் அதை வாசிக்கிறார்கள். எல்லோர் வாயிலும் ஒரே பெயர் வந்தால்தான் அந்தப் பெயர் ஏறும். நம்பிமாரில் ஒருவரையும் விடாமல் அழைத்தது எதற்கென்று இப்போது புரிகிறதா?

ஒரு குடும்பு முடிந்தது. இன்னும் இருபத்தொன்பது.

அத்தனை கட்டும் அவிழ்ந்து முடியும்போது முப்பது பேர். இவர்களில் ஏரி வாரியமும் தோட்ட வாரியமும் முன்பே செய்து, கல்வியிலும் வயதிலும் முதிர்ந்த பன்னிரண்டு பேர் சம்வத்சர வாரியம் எனும் ஆண்டு வாரியத்துக்கு. மீதியில் பன்னிரண்டு பேர் தோட்ட வாரியத்துக்கு. ஆறு பேர் ஏரி வாரியத்துக்கு. பொன் வாரியத்துக்கும் பஞ்சவார வாரியத்துக்கும் தனியாகக் குடம் வைப்பார்கள். அதில் கழுதை ஏற்றி அவமானப்படுத்தப்பட்டவன் பெயரும் பொய் ஓலை எழுதியவன் பெயரும் கூடாது. எல்லோருக்கும் முந்நூற்று அறுபது நாள். அதற்குள் குற்றம் கண்டால் அன்றைக்கே இறக்கிவிடலாம்.

ஏரிக்கு ஆறே ஆறு பேரா என்று கேட்பீர்கள். ஆனால் அந்த ஆறு பேர் கையில்தான் ஊரின் சோறு இருந்தது. பல்லவர் காலத்து வைரமேக தடாகம் அது. மடை திறப்பது, கரை காப்பது, வண்டலை வாரிக் கொட்டுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. தூர்வாரும் காசைத் தின்றுவிட்டால் அடுத்த மழையில் ஏரியில் தண்ணீர் நிற்காது. நம் வடசென்னையில் காட்டன் கால்வாய்ப் பக்கம் குடியிருக்கும் எம்.கே.பி. நகர் வாசகர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. வண்டல் வாரினார்களா இல்லையா என்பதை ஐப்பசி மழையில் வீட்டுக்குள் வந்த தண்ணீரே சொல்லிவிடும்.

இதெல்லாம் எங்கோ செங்கல்பட்டுக்கு அப்பால் நடந்த கதை என்று நம்மவர்கள் ஒதுங்க வேண்டாம். நம் மணலிக்கும் அன்று ஊர்ச் சபை உண்டு. திருவொற்றியூர் ஆதிபுரீசுவரர் கோயில் கல்வெட்டுகள் அந்தச் சபையைப் பேசுகின்றன. கோயிலுக்கு என்று ஒருவர் கொடுத்த பொன்னைச் சபையார் வாங்கி வைத்துக்கொண்டு, அதன் வட்டியில் தர்மத்தை நடத்த ஒப்புக்கொள்வார்கள். இன்று லாரி லாரியாக எண்ணெய் போகும் மணலியில், அன்று ஊரார் கூடி உட்கார்ந்து பொன்னுக்குப் பொறுப்பேற்றார்கள்.

ஆனால் ஒன்றை மறைத்தால் நான் உங்களுக்கு நியாயம் செய்தவன் ஆகமாட்டேன்.

உத்திரமேரூர் மண்டபத்தில் இருந்தவர்கள் யார்? நிலம் உள்ள, வேதம் படித்த ஆண்கள். அது பிராமணர்களுக்குக் கொடுத்த ஊர். ஏரியில் இறங்கி வண்டல் வாரியவன் பெயர் எந்த ஓலையிலும் இல்லை. அந்தத் தண்ணீரில் நாற்று நட்டவள் பெயர் இல்லை. திருட்டு விரலைத் தடுக்க அவ்வளவு நுணுக்கமாக யோசித்தவர்கள், மண்டபத்துக்கு வெளியே நின்றவர்களைப் பற்றி ஒரு வரியும் யோசிக்கவில்லை. அந்தக் கல்லின் முன்னால் நின்று பெருமைப்படும்போதெல்லாம் இந்த வலியும் எனக்குச் சேர்ந்தே வருகிறது.

உத்திரமேரூருக்குப் பதின்மூன்று நூற்றாண்டு முன்னால், கடல்களுக்கு அப்பால், இன்னொரு ஊரும் இதே வித்தையைச் செய்துகொண்டிருந்தது. அங்கேயும் பெண்ணுக்கு இடமில்லை. அடிமைக்கு இடமில்லை. வெளியூரிலிருந்து வந்து குடியேறியவனுக்கும் இடமில்லை.

ஏதென்ஸ்.

அங்கே குடம் அல்ல, அவரை விதை. ஐந்நூற்றுவர் சபைக்கு ஆள் எடுக்க விதை போட்டுக் குலுக்குவார்கள். அவரை விதை பொறுக்கிய சபை என்றே அதற்குப் பேர். பத்துக் குலம். குலத்துக்கு ஐம்பது பேர். முப்பது வயது நிரம்பிய குடிமகன் எவனுக்கும் விழலாம். செருப்புத் தைப்பவனுக்கு விழலாம். ஆலிவ் தோட்டக்காரனுக்கு விழலாம். ஒவ்வொரு குலத்தின் ஐம்பது பேரும் வருஷத்தில் பத்தில் ஒரு பங்கு நாள் முன்னின்று சபையை நடத்துவார்கள். அந்த ஐம்பதிலும் ஒருவருக்கு ஒரே ஒரு நாள் தலைமை. அதுவும் குலுக்கலில்தான். கருவூலச் சாவியும் ஊர் முத்திரையும் அன்று ஒரு பகலும் ஒரு இரவும் அவர் கையில். மறுநாள் அவர் வெறும் ஆள்.

அங்கேயும் கணக்குக் காட்டாதவனை விடமாட்டார்கள். பதவி முடிந்ததும் தணிக்கை. கூட்டத்துக்கு வராமல் சந்தையில் நின்று கதை பேசுபவனைச் சிவப்புச் சாந்து தோய்த்த கயிற்றால் வளைத்து, கூட்டம் நடக்கும் பினிக்ஸ் குன்றுக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள். துணியில் சிவப்புக் கறையோடு வந்து உட்காருபவனை ஊரே பார்க்கும். இரண்டு ஊரும் ஒன்றையே நம்பின. எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒருவன் திருட மாட்டான்.

ஆனால் எல்லோருமே சேர்ந்து ஒரு தவறைச் செய்யத் துணிந்துவிட்டால்?

அதை நம் உத்திரமேரூர்ச் சாசனம் கேட்கவில்லை. ஏதென்ஸ் கேட்க நேர்ந்தது. கி.மு. 406. ஆர்கினுசே கடற்போர்.

போரில் ஏதென்ஸ் வென்றது. ஸ்பார்ட்டாவின் கப்பற்படை சிதறியது. ஆனால் உடைந்துபோன ஏதென்ஸ் கப்பல்களைப் பற்றிக்கொண்டு நூற்றுக்கணக்கான பேர் அலையில் மிதந்தார்கள். அவர்களை எடுப்பதற்குள் புயல் வந்துவிட்டது. வென்று திரும்பிய தளபதிகளை ஊர் மாலையோடு வரவேற்கவில்லை. எங்கள் பிள்ளைகள் எங்கே என்று கேட்டது.

ஆறு தளபதிகள் பிடிபட்டு நிற்கிறார்கள். அந்த நேரம் பார்த்து உறவினர் கூடும் திருவிழாவும் வந்து சேர்ந்தது. தலையை மழித்து, கறுப்புடுத்தி, மகனை இழந்தவர்கள் என்று ஆட்கள் கூட்டத்தில் வந்து நின்றார்கள். கல்லிக்ஸெனஸ் என்பவன் ஒரு தீர்மானத்தோடு எழுந்தான். ஒவ்வொருவராக விசாரிக்க வேண்டாம். ஆறு பேருக்கும் சேர்த்து ஒரே ஓட்டு. குற்றவாளி என்றால் மரணம்.

இது சட்டத்துக்கு விரோதம். ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும் என்பது ஏதென்ஸின் விதி. அதை எடுத்துச் சொல்ல எழுந்தவர்களைக் கூட்டம் கத்தியே உட்கார வைத்தது. மக்கள் நினைத்ததைச் செய்ய விடாமல் தடுப்பதா என்று கூச்சல். தடுப்பவர்களையும் அதே ஓட்டில் சேர்த்துவிடுவோம் என்று மிரட்டல்.

தீர்மானத்தை ஓட்டுக்கு விட வேண்டியது முன்னால் உட்கார்ந்திருக்கும் ஐம்பது பேர். முதலில் சிலர் மறுத்தார்கள். கூச்சல் ஏறியது. ஒருவர் பணிந்தார். பக்கத்தில் இருந்தவர் பணிந்தார். வரிசையாகத் தலைகள் ஆடின.

ஒரு தலை மட்டும் ஆடவில்லை.

அறுபதைக் கடந்த மனிதர். சபைப் பதவி தவிர வாழ்நாளில் வேறு எந்தப் பதவியும் பார்க்காதவர். அவரை விதை அந்த வருஷம் அவர் பெயரில் விழுந்திருந்தது. அன்றைய ஒரு நாள் தலைமையும் அவருக்கே விழுந்திருந்தது என்று அவருடைய மாணவர் செனபோன் எழுதி வைத்திருக்கிறார்.

பெயர் சாக்ரடீஸ்.

பினிக்ஸ் குன்று முழுக்க எழுந்து நிற்கிறது. "விடு, ஓட்டுக்கு விடு!" என்று ஆயிரக்கணக்கான தொண்டைகள். அவருடைய பெயரையும் கொலைப் பட்டியலில் சேர் என்று யாரோ கத்துகிறார்கள். பக்கத்தில் இருப்பவர்கள் அவர் மேலாடையைப் பிடித்து இழுக்காத குறை. கீழே ஆறு தளபதிகள் அண்ணாந்து அவரையே பார்க்கிறார்கள்.

சாக்ரடீஸ் வாயைத் திறக்கிறார்.

(அடுத்த வாரம்: சாக்ரடீஸ் சொன்ன பதிலும், அன்று மாலை ஏதென்ஸ் செய்த காரியமும்)